எண்ணாமல் விட்ட பெயர்

அல் அயூன் முகாம்
11 ஜனவரி 1998

தம்பி லரூசிக்கு,

எப்படி இருக்கிறாய்? உடம்பு நலமா, வீடு நலமா, உன் வீட்டுக்காரி மக்பூலா நலமா, பிள்ளைகள் நலமா, மழை உண்டா, ஒட்டகங்களுக்குப் புல் உண்டா, கெட்ட செய்தி ஒன்றும் இல்லையே? எல்லாவற்றுக்கும் 'நலம், இறைவனுக்கே புகழ்' என்று நீ சொல்லிவிட்டதாகவே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். நமக்குள் நேர்த் தபால் இல்லையே, உன் பதில் ஸ்பெயின்காரன் தீவில் இருக்கும் லாஸ் பல்மாஸுக்குப் போய், அங்கே நுவைனா உறையைப் பிரித்துப் படித்து, அழுது, மறுபடி ஒட்டி அனுப்புவதற்குள் இங்கே இரண்டு மணல் காற்று அடித்து ஓய்ந்துவிடும். (நுவைனா, நீ படிக்கிறாய் என்று தெரியும். மாமா மகளாயிற்றே என்று பொறுத்துக்கொள்கிறேன். பசையையாவது ஒழுங்காகத் தடவு.)

அப்பா போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவர் குலத் தலைவராக உட்கார்ந்திருந்த ஷேக் நாற்காலியில் உன்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று போன வாரம்தான் கேள்விப்பட்டேன். ஏன்டா, முப்பத்தொன்பது வயதில் ஷேக்கா? தாடி உண்மையிலேயே நரைத்துவிட்டதா, இல்லை சுண்ணாம்பு தடவிக்கொண்டாயா? என்னை விட ஐந்து வயது சின்னவன் நீ. மூக்கு ஒழுகிக்கொண்டு என் பின்னால் திரிந்தவன். என் கண்ணுக்குள் இன்னும் அப்படித்தான் இருக்கிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். வாக்கெடுப்புக்காக ஆட்களை எழுதும் வேலை மறுபடி தொடங்கிவிட்டது. இந்தப் பாலை தனி நாடா, மொரோக்கோவின் தெற்குப் பகுதியா என்று இந்த மண்ணின் ஜனங்களே சொல்லட்டும் என்கிறார்கள். நல்லது. ஆனால் இந்த மண்ணின் ஜனங்கள் யார் யார்? ஸ்பெயின்காரன் 1974-ல் எடுத்த கணக்கில் பேர் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாதவர்கள் ஐ.நா. ஆட்களின் மேஜை முன்னால் போய் நிற்க வேண்டும். அங்கே நம் குலத்து ஷேக்குகள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அல்ஜீரியாவில் இருக்கும் இந்த அகதி முகாம்களிலிருந்து ஒருவர், மொரோக்கோக்காரன் பிடித்து வைத்திருக்கும் உங்கள் பக்கத்திலிருந்து விமானத்தில் ஒருவர். இரண்டு பேரும் 'தெரியும், நம்ம பெண்தான்' என்று சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்தாலும் போச்சு.

பள்ளிக்கூடச் சுவரில் பழைய பட்டியலை ஒட்டினார்கள். அப்பா பேர் இருக்கிறது. அம்மா பேர் இருக்கிறது. உன் பேரும் இருக்கிறது. என் பேர் இல்லை.

ஏன் இல்லை என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். அன்று அப்பா ஒட்டகங்களோடு கிணற்றுக்குப் போயிருந்தார். எனக்குப் பன்னிரண்டு நாளாய்க் காய்ச்சல். மணிக்கட்டில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டும் இறங்கவில்லை. கணக்கெடுப்பவன் கூடார வாசலில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டான். அம்மா உன் காதில் சொன்னது திரைக்குப் பின்னால் படுத்திருந்த எனக்கே கேட்டது. "அவள எண்ணாதடா. எண்ணினா போயிருவா."

நீ வெளியே போய், "நான் ஒருத்தன்தான்" என்று சொன்னாய்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. நீதான் என்னைக் காப்பாற்றினாய் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நம்புகிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் காய்ச்சல் போய் இருபத்து நான்கு வருடமாகிறது தம்பி. இப்போது என்னை எண்ணு.

உன் அக்கா
தெஸ்லெம்


அல் அயூன் நகரம்
20 பிப்ரவரி 1998

அக்கா,

நலம், நலம், எல்லாம் நலம், இறைவனுக்கே புகழ். ஒட்டகங்களை எப்போதோ விற்றாயிற்று. இப்போது ஒரு பழைய கார்தான், அதற்குப் புல் வேண்டாம். பிள்ளைகள் நலம். எத்தனை பேர் என்று எழுத மாட்டேன், பேரும் எழுத மாட்டேன். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையத்தில் பதினெட்டு வருடமாக இயந்திரம் ஓட்டுகிறவன்தான் நான். ஆனாலும் பிள்ளைகளை எண்ணச் சொன்னால் நாக்கு மடங்கிவிடுகிறது.

தாடி தானாகவே நரைத்தது. சுண்ணாம்பு இல்லை.

நாம் இருவரும் கடிதத்தின் தலையில் ஒரே ஊர்ப் பெயரை எழுதுகிறோம், கவனித்தாயா? முகாமுக்கும் நம் ஊரின் பெயரையே வைத்துக்கொண்டீர்கள். முதல் கடிதம் வந்தபோது நீ திரும்பி வந்துவிட்டாய் என்றே நினைத்து வாசல் வரை ஓடினேன். இதை இவ்வளவு நாள் உன்னிடம் சொன்னதில்லை.

நீ கேட்காமலே கேட்டிருக்கும் கேள்வி ஒன்று உண்டு. நான் எந்தப் பக்கம்? எனக்கே சரியாகத் தெரியவில்லை. நீயும் அம்மாவும் லாரியில் ஏறிப் போன பிறகு வந்தவர்கள் சாலை போட்டார்கள், குழாய் போட்டார்கள். அந்தக் குழாயில் ஓடுவது என் கை பட்ட தண்ணீர். அவர்கள் பந்தாட்ட அணி ஜெயித்தால் என் பையன் தெருவில் இறங்கிக் கத்துகிறான். போன முறை நானும் ஜன்னலில் நின்று கத்தினேன், மறைப்பானேன். அதே நான்தான் வீட்டுக்குள் நம் பேச்சைத் தவிர வேறு பேச்சு பேச விடுவதில்லை. நீ 'நம் நாடு' என்று எழுதும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நீ அதைத் தூரத்திலிருந்து பார்க்கிறாய், முழுதாகத் தெரிகிறது. நான் அதற்குள் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

இன்னொன்று. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போன வியாழக்கிழமை ஒருவர் வந்தார். பேர் சொல்லவில்லை. வழக்கப்படி மூன்று கிளாஸ் தேநீரையும் அவசரமில்லாமல் குடித்தார். பெரியவள் நன்றாகப் படிக்கிறாளாமே, தலைநகரத்தில் மேலே படிக்க வைக்கலாமே என்றார். எழுந்திருக்கும்போது, "ஷேக், உங்க ஞாபகசக்திய எல்லாரும் புகழுறாங்க. அந்தப் பக்கத்து ஆளுங்க விஷயத்துல கொஞ்சம் மறதி வந்தாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

நீ கவலைப்படாதே. ஏப்ரல் முதல் வாரம் வருகிறேன். கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லலாம், வேறு பேச்சு கூடாது, எதையும் கை மாற்றக் கூடாது என்று விதி. இருபத்திரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறோம், அழுது வைக்காதே. நீ அழுதால் நானும் அழுதுவிடுவேன். ஷேக் அழுதால் நன்றாக இருக்காது.

லரூசி


அல் அயூன் முகாம்
15 மார்ச் 1998

என் தம்பிக்கு,

நலம், மிகவும் நலம். உன் கடிதத்தை ஏழு முறை படித்தேன். ஜன்னலில் நின்று பந்தாட்டத்துக்குக் கத்தினாய் என்ற இடத்தில் மட்டும் ஏழு முறையும் உன் காதைத் திருக வேண்டும் போலிருந்தது.

உன் சாலையையும் குழாயையும் நான் மட்டமாகப் பேச மாட்டேன். இங்கே தண்ணீர் லாரியில் வருகிறது. லாரி வராத நாளில் மருந்தகத்தில் கை கழுவக்கூட வழியில்லாமல் காயங்களுக்குக் கட்டுப் போடுகிறேன். அல்ஜீரியாக்காரர்கள் கொடுத்த இடத்தில் இருபத்திரண்டு வருடமாக விருந்தாளியாக இருக்கிறோம். நம் வழக்கத்தில் விருந்தாளிக்கு மூன்று நாள்தான். நான்காம் நாள் நமக்கே கூச்சம் வந்துவிடும். அந்தக் கூச்சத்தோடுதான் தினமும் எழுந்திருக்கிறேன். குழாய் யார் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை லரூசி. என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா என்றுதான் கேட்கிறேன். என் வீட்டுக்காரர் சண்டையில் போனதும் இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

என் பையன் பஷ்ராயா கியூபாவிலிருந்து எழுதியிருக்கிறான். பல் டாக்டருக்குப் படிக்கிறான். மாமா வருகிறார் என்று எழுதினேன். "மாமாவுக்கு எத்தனை பல் இருக்குன்னு எண்ணி வை" என்று பதில் போட்டிருக்கிறான். எண்ணுவதில் அவனுக்குப் பயமே இல்லை, வெளிநாட்டில் வளர்ந்தவன். நான் இன்னும் அம்மா மாதிரிதான். வருடா வருடம் ரேஷன் அட்டை புதுப்பிக்க வருகிறவள் "கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று கேட்பாள். "இருக்காங்க, கணக்கு மேலே இருக்கிறவன்கிட்ட" என்று சொல்லி நழுவிவிடுவேன். உனக்குக் கண் படக்கூடாதே.

அந்தத் தேநீர் குடித்த மனிதரை மறந்துவிடு. அவருக்குச் சிரித்ததோடு சரி. புது மெல்ஃபாத் துணி வாங்கியிருக்கிறேன், நீல நிறம், தலை முதல் கால்வரை சுற்றி மூடும். ஆனால் அன்று முக்காட்டைச் சரிசெய்கிற மாதிரி வலது கையைத் தூக்குவேன். சூடு போட்ட தழும்பு தெரியும். முகம் மாறிவிட்டாலும் அது மாறவில்லை.

தெஸ்லெம்


அல் அயூன் முகாம்
9 ஏப்ரல் 1998

லரூசி,

நலம் விசாரிக்கவில்லை.

நீ அங்கேதான் இருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன், நீதான் மறதிக்காரனாயிற்றே.

அந்த அதிகாரி என்னிடம் அப்பா பேர் கேட்டார், சொன்னேன். ஏழு தலைமுறை கேட்டார், சொன்னேன். நம் ஒட்டகங்களின் கழுத்தில் போடும் குறி எது என்றார், காகிதத்தில் வரைந்தேன். கோடை முகாம் எந்தக் கிணற்றருகே என்றார், கிணற்றையும் சொன்னேன், அதன் தண்ணீர் கரிக்கும் என்பதையும் சொன்னேன். எங்கள் பக்கத்து ஷேக் லெஹ்ஸன், "நம்ம பொண்ணுதான்" என்றார். அப்புறம் அதிகாரி உன் பக்கம் திரும்பினார்.

"ஷேக், இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

நான் கையைத் தூக்கினேன். நீ தழும்பைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று சொல்லாதே, உன் கண் அதிலேயே நின்றதை நான் பார்த்தேன். அப்புறம் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"தெரியாது."

"இன்னொரு தடவ நல்லா பாருங்க."

"எங்க குலத்துல இப்படி ஒரு பொண்ணு இல்ல."

மொரோக்கோக்காரர்கள் கொடுத்த உன் புது அடையாள அட்டையில் குடும்பப் பேர் வேறாக இருக்கிறது, அப்பா பேர் உள்ளவர்கள் நம் குலத்தில் ஆயிரம் பேர். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கத்தியிருக்கலாம். 'இவன் என் தம்பி, இவன் குண்டி கழுவி விட்டவள் நான்' என்று சொல்லியிருக்கலாம். நாலு அந்நியர் முன்னால் நம் ஷேக் பொய் சொன்னான் என்று ஆகிவிடுமே, அப்பா உட்கார்ந்த நாற்காலியாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தேன். உன் மானத்தை நான் காப்பாற்றினேன் லரூசி. அது எனக்கு எதற்கு என்று வெளியே வந்த பிறகுதான் தோன்றியது.

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள், "என்னாச்சு, உன் தம்பி வந்திருக்கான்னு சொன்னியே, எங்க?" என்று கேட்டார்கள். "வரல" என்று சொன்னேன்.

இன்று ரேஷன்காரி வந்தாள். கூடப் பிறந்தவர் எத்தனை பேர் என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

இனி எழுதாதே.


அல் அயூன் நகரம்
2 ஜூலை 1998

அக்கா,

எழுதாதே என்று சொன்னாய். மூன்று மாதம் எழுதாமல் இருந்து பார்த்தேன்.

காரணங்களை வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். தேநீர் குடித்தவர் இரண்டாம் முறையும் வந்தார் என்பது ஒன்று. மக்பூலாவின் அப்பா கதை இன்னொன்று. அவர் பிறந்த வருடம் மழை பழைய எல்லைக்கு வடக்கே பெய்தது, கூடாரம் அங்கே போனது, அங்கே பிறந்தார், அவ்வளவுதான். பிப்ரவரியில் இங்கே நடந்த அமர்வில் உங்கள் லெஹ்ஸன் அவரைப் பார்த்து "தெரியாது, இவர் வடக்கத்தி ஆள்" என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டில் ஆறு மாதம் ஒட்டகப்பால் குடித்த மனிதர் லெஹ்ஸன். பெரியவர் வெளியே வந்து, "எம்பது வயசுல நான் யாருன்னு என்னையே கேக்க வச்சுட்டான்" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். லெஹ்ஸனும் நானும் மனிதர்களைப் பார்க்கவே இல்லை அக்கா. இவர் ஓட்டு எந்தப் பக்கம் விழும் என்றே பார்த்தோம்.

இதையெல்லாம் எழுதிப் படித்துப் பார்த்தேன். எல்லாம் ஜோடனை. நான் பயந்தேன். பெரியவளின் படிப்பு, என் வேலை, வீடு. நீ கையைத் தூக்கியபோது அந்தச் சூட்டு வாடை என் மூக்கில் வந்தது. அப்போதும் வாய் 'தெரியாது' என்று சொன்னது. ஒரு பேர்தானே, மேல்முறையீடு இருக்கிறதே, அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று அதே நொடியில் நினைத்தேன். அப்படி நினைத்தவனை நீ எப்படி வேண்டுமானாலும் திட்டு.

திட்டியாவது எழுது.

லரூசி


அல் அயூன் நகரம்
18 பிப்ரவரி 2001

அக்கா,

இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றும் உனக்கு வந்து சேர்ந்தன என்று நுவைனா சத்தியம் செய்கிறாள். நீ பதில் போடாததற்கு அவள்தான் அதிகமாக அழுகிறாள், படிக்க ஒன்றும் கிடைக்கவில்லையே.

ஷேக் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய்யாகத்தான் இருந்தது, இப்போது மெய்யாகிக்கொண்டு வருகிறது. எழுவதற்கு முன்னால் உன் மேல்முறையீட்டோடு சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தேன். 'தெஸ்லெம் என்பவரை எனக்குத் தெரியும், அவர் என் உடன்பிறந்தவர், நான் சொன்னது தவறு' என்று கையெழுத்துப் போட்டேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். லட்சத்துக்கு மேல் மேல்முறையீடுகள் கிடக்கின்றனவாம்.

இப்போது எல்லோரும் சொல்லிக்கொள்வது உனக்கும் தெரிந்திருக்கும். வாக்கெடுப்பு நடக்கப்போவதில்லை. பட்டியலைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்களாம். உன் பேர் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, இல்லாததாலும் ஒன்றும் ஆகவில்லை. நடக்காத ஒன்றுக்காக நான் உன்னைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். நடந்திருந்தாலாவது, ஏதோ ஒரு பெரிய காரியத்துக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

லரூசி


அல் அயூன் நகரம்
6 ஜூன் 2004

அக்கா,

பிரிந்த குடும்பங்கள் பார்த்துக்கொள்ள ஐ.நா. விமானம் விட்டிருக்கிறார்கள், உனக்குத் தெரிந்திருக்கும். ஐந்து நாள் தங்கலாம். முதல் மாதமே பேர் கொடுத்தேன். உன்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். நேற்று என்னைக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்.

"மன்னிக்கணும். அந்த அம்மா உங்களைத் தெரியாதுன்னு சொல்றாங்க."

வெளியே வந்து சிரித்தேன். மக்பூலா பயந்துவிட்டாள். உன் குரலிலேயே அதைக் கேட்டது போலிருந்தது அக்கா. ஆறு வருடம் கழித்து நீ எனக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறாய். அதுவே போதும் என்று எழுத நினைத்தேன். போதவில்லை.

லரூசி


அல் அயூன் முகாம்
1 ஆகஸ்ட் 2004

தம்பி,

எப்படி இருக்கிறாய்? உடம்பு நலமா? உடம்பு சரியில்லை என்று மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதினாயே, என்ன உடம்புக்கு? நெஞ்சா, வயிறா? மருத்துவத் தொழிலில் இருக்கிறேன், அதைக்கூட நான் கேட்கவில்லை.

அந்தப் பெண் மே மாதம் வந்தாள். நல்ல பெண், மெதுவாகப் பேசினாள். பைலைத் திறந்து உன் பேரைப் படித்து, "இவர உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அதே கேள்வி. ஆறு வருடமாக இதற்காகவே காத்திருந்த மாதிரி "தெரியாது" என்றேன். அன்று முழுக்க நிமிர்ந்து நடந்தேன். மறுநாள் காலையில் மாவு பிசையும்போது கை ஓய்ந்துவிட்டது. இப்படித்தான் உனக்கும் இருந்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததும் உன் மேல் இருந்த கோபத்தை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியதாயிற்று.

அடுத்த வாரமே அவர்கள் அலுவலகக் கூடாரத்துக்குப் போனேன். "தெரியும், எழுதிக்கோங்க" என்றேன். "போன தடவ இல்லன்னு சொன்னீங்களே அம்மா" என்றாள். "போன தடவ கோபம்" என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் கோடைக்கால விமானங்கள் நிறைந்துவிட்டன, உன் பேர் மறுபடி வரிசையின் கடைசியிலிருந்துதான் வரும் என்றாள். குளிர்காலத்துக்குள் வந்துவிடும் என்றாள்.

வா. மேஜை இருக்காது. என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். இந்த நாடு யாருடையது என்று ஐந்து நாளும் சண்டை போடலாம், நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. வரும்போது ஒரு பாட்டில் கடல் தண்ணீர் கொண்டு வா. உப்பு எடுக்காத தண்ணீர், உன் இயந்திரத்தின் வேலை காட்டாதே. அம்மாவின் கல்லறையில் ஊற்ற வேண்டும்.

உன் அக்கா
தெஸ்லெம்


அல் அயூன் நகரம்
3 டிசம்பர் 2004

அக்கா, அக்கா, அக்கா,

நலம், நலம், ஒட்டகம்கூட நலம். ஜனவரி 21 விமானம். என் பேரும் பெரியவள் பேரும் இருக்கின்றன. மக்பூலாவுக்கு இடம் கிடைக்கவில்லை, அதற்கு என்னைத்தான் திட்டுகிறாள்.

உடம்பு என்று கேட்டாயே. நெஞ்சுதான். மாடிப்படி ஏறாதே என்கிறார் டாக்டர். விமானத்துக்குப் படி இருக்கிறதே, எத்தனை என்று விசாரித்தேன், பதினாறு என்றார்கள். எங்கள் வீட்டு மாடிக்குப் பதினெட்டு. தினமும் ஏறி இறங்கிப் பழகுகிறேன். மேலே போனதும் உன் முன்னால் வந்து நிற்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்குவேன். மக்பூலா பார்த்தால் கத்துவாள், அவள் கடைக்குப் போகும் நேரம்தான் எனக்கு வசதி.

கடல் தண்ணீர் பிடித்து வைத்தாயிற்று. கேட்க வேண்டியதையும் சொல்ல வேண்டியதையும் எழுதிப் பார்த்தேன், முதல் வரியைத் தாண்டவில்லை. அங்கே வந்து சொல்கிறேன். அந்த அதிகாரிப் பெண் பக்கத்தில் இருக்கட்டும், அவளை மறுபடி ஒருமுறை அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கச் சொல்.

லரூசி


அல் அயூன் முகாம்
25 ஜனவரி 2005

தம்பி லரூசிக்கு,

இதை நுவைனா படிக்க முடியாது. இதை உன் மகள் நாளைக்கு விமானத்தில் எடுத்து வருகிறாள். உன் தலைமாட்டில் உட்கார்ந்து படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நீல மெல்ஃபா கட்டிக்கொண்டு போனேன், மேஜைக்குக் கட்டிய அதே துணி. பாலும் பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு நின்றேன். வண்டியிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள், கட்டிப்பிடித்தார்கள், குலவையிட்டார்கள். கடைசியாக ஒரு பெண் தனியாக இறங்கினாள். கையில் ஒரு பாட்டில். அந்த அதிகாரிப் பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"உங்களுக்கு வந்திருக்கிறது இவங்கதான். தெரியுமா?"

நான் பார்த்ததே இல்லை. "பேர் என்ன?" என்றேன்.

"தெஸ்லெம்" என்று படித்தாள்.

பிள்ளைகளின் பேரை எழுத மாட்டேன் என்று எழுதியிருந்தாய். கண் படும் என்றுதான் நினைத்தேன். "தெரியும்" என்றேன். "நம்ம பொண்ணுதான்" என்றேன்.

அவள்தான் சொன்னாள். ஜனவரி பத்தாம் தேதி, மாடியில், பதினெட்டுப் படியும் ஏறிய பிறகு. "அப்பா மேல நின்னுட்டு இருந்தாரு அத்தை. கூப்பிட்டேன், திரும்பினாரு, அப்படியே உக்காந்துட்டாரு. அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல." நான் மே மாதம் 'தெரியும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ கோடையிலேயே வந்திருப்பாய். அப்போது உனக்குப் படி ஏறத் தெம்பு இருந்ததாம். அதையும் அவளிடமிருந்து நானேதான் கேட்டு வாங்கினேன்.

நீ அந்த மேஜையிலிருந்து வீடு திரும்பிய பிறகு ஒரு வருடம் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லையாம். "பாப்பா" என்றே கூப்பிட்டாயாம். அப்போது அவளுக்கு வயது பதின்மூன்று, "நான் என்ன தப்பு செஞ்சேன்" என்று அம்மாவிடம் அழுதாளாம். இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். நேற்று சாப்பிடும்போது, "அத்தை, நம்ம ஊரு யாரோடது?" என்று கேட்டாள். சண்டை போட நீ இருந்தால் பத்து பதில் வைத்திருந்தேன். அவளிடம், "சாப்பிடு, ஆறிப்போகுது" என்றுதான் சொல்ல முடிந்தது.

கடல் தண்ணீரை அம்மாவின் மேல் ஊற்றினோம். மணல் உடனே குடித்துவிட்டது.

இன்று காலை ரேஷன்காரி அட்டை புதுப்பிக்க வந்தாள். பழைய அட்டையைப் பார்த்து, "கூடப் பிறந்தவங்க யாருமில்லன்னு இருக்கு. அப்படியே எழுதிடவா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஒரு தம்பி இருக்கான். பேரு லரூசி" என்றேன். எழுத்து எழுத்தாகச் சொன்னேன், அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனி உன்னை எண்ணலாம் தம்பி. உனக்கு ஒன்றும் ஆகாது.

உன் அக்கா
தெஸ்லெம்